கைப்பிடி இறங்கும் இடம்

காலைப் பாத்திரம் கழுவுவது அந்த வீட்டில் அவருடைய வேலை. ஒரு டம்ளரைக் கையில் எடுத்தால் உள்ளே விரலை விட்டு ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று, அடியில் ஒரு சுற்று, பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் ஒரு பார்வை. மனசுக்குப் பிடிக்கவில்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து.

"டம்ளரைக் கழுவத்தான் சொன்னேன். அதுக்குப் பொண்ணு பாக்கச் சொல்லல" என்பாள் மனைவி.

"நிதானம்மா, நிதானம்" என்பார் அவர்.

எதற்கும் இந்த ஒரே சொல். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தாலும் நிதானம், பால் பொங்கி வழிந்தாலும் நிதானம். சொல்லிச் சொல்லி அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

நிதானம் துப்பாக்கி பழுதுபார்ப்பவர். பட்டாளத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. குறி பார்த்துச் சுடும் கிளப்காரர்கள், வயலில் பன்றி விரட்ட லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், இவர்கள்தான் வாடிக்கை. பேக்கரிக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒடுக்கமான கடை. முன்னால் ஒரு கவுண்டர், பின்னால் ஒரு அறை. அறையில் நீள மேசை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற ஒரு வைஸ், வளைகிற கழுத்துள்ள விளக்கு, எண்ணெய் நாற்றம். வாடிக்கைக்காரர்கள் கவுண்டரைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. தலைக்கு மேல் ஆள் நின்றால் அவருக்குக் கை ஓடாது.

ஊரே சொல்லிச் சிரிக்கிற இன்னொரு விஷயமும் உண்டு. துப்பாக்கிக் கடைக்காரருக்குத் துப்பாக்கிச் சத்தம் ஆகாது. பட்டாசுக்கே கட்டிலுக்கு அடியில் போகிற ஜாதி. வாலிப வயதில் அவரும் இன்னொருவரும் ஒரு பழைய பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். பழுது பார்த்ததை யாராவது சுட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரு நாள் அவர் முறை வந்தது. பட்டறைக்குப் பின்னால் மண்மேட்டுக்கு எதிரே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நின்றவர்தான். கண்ணை மூடுவார், திறப்பார், வியர்வையைத் துடைப்பார். விரல் மட்டும் அசையவில்லை. வீட்டுச் சாவி வாங்க வந்த கூட்டாளியின் தங்கை வெகுநேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னண்ணா இவரு, துப்பாக்கிக்கு ஜோசியம் பாக்கறாரா?" என்றாள். பிறகு அண்ணன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, அவளே வாங்கி இடது தோளில் வைத்துச் சுட்டாள். அவள் இடதுகைக்காரி. குண்டு குறி அட்டையின் ஓரத்தில் பட்டது. அன்றிலிருந்து நிதானம் பழுதுபார்த்த எதுவும் அவள் சுட்டுப் பார்க்காமல் வெளியே போனதில்லை. கல்யாணமும் அந்தப் போக்கில்தான் நடந்தது.

கூட்டாளி மச்சானானார். பட்டறையும் பிற்பாடு இரண்டானது. சண்டை ஒன்றும் இல்லை. மச்சான் மின்னல் வேகம், இவர் ஆமை. ஒரே வைஸில் இரண்டு பேரும் வேலை செய்ய முடியவில்லை, அவ்வளவுதான். மச்சான் ஊருக்கு வெளியே பெரிய கொட்டகை போட்டுக்கொண்டார். சுட்டுப் பார்க்கிற மண்மேடும் அங்கேயே, அவர் பங்குக்குப் போனது. இவருக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், அவர் கையில் சோப்பு நுரையோடு நிற்கும்போது, மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, மூலையில இருந்த தையல் மெஷின் எங்க?"

"பழைய இரும்புக்காரர் வந்தாரு, கொடுத்துட்டேன். துரு பிடிச்சுக் கிடக்கு, இடத்தை அடைக்குதுன்னு நீதானே சொல்லிட்டிருந்தே?"

"டிராயரைப் பாத்தீங்களா?"

"பாக்காம கொடுப்பேனா? நூல்கண்டு, பட்டன், கத்தரிக்கோல் எல்லாம் தனியா டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்."

"அடி டிராயர்?"

நிதானம் கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "அடியில ஒரு டிராயர் இருந்துச்சா?"

அடியில் ஒரு டிராயர் இருந்தது. அதற்குள் ஒரு துணியில் சுற்றி, கிளப்பில் அவள் சுடுகிற துப்பாக்கியின் போல்ட் இருந்தது.

போல்ட் என்றால் நட்டு-போல்ட்டில் வருகிற போல்ட் அல்ல. துப்பாக்கியின் பின்பக்கமாக உள்ளே போய், தோட்டாவை அதன் அறைக்குள் தள்ளி, பக்கவாட்டுக் கைப்பிடியைக் கீழே இறக்கியதும் பூட்டிக்கொள்கிற எஃகு உருளை. கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படியோ, துப்பாக்கிக்கு அது அப்படி. அது இல்லையென்றால் துப்பாக்கி வெறும் குழாய். அதனால்தான் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது, துப்பாக்கி பூட்டிய அலமாரியில், போல்ட் வேறெங்காவது, அந்த இடம் ஒருவருக்கு மட்டும் தெரிய வேண்டும் என்று நிதானம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்துவார். அவர் வீட்டிலும் அந்தச் சட்டம்தான். அலமாரிச் சாவி அவரிடம். போல்ட் இருக்கும் இடம் அவளுக்கு மட்டும்.

"இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நான் வெளியாளா?"

"உங்ககிட்டதானே சாவி இருக்கு! உங்களுக்கும் சொல்லிட்டா அப்புறம் என்ன சட்டம் அது?"

சொந்த வாயால் கெட்ட மனிதன் யாரிடம் போய் முறையிட முடியும்? அன்று மதியத்துக்குள் இரும்புக்காரரைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். மெஷின் லாரி ஏறி உருக்காலைக்குப் போய்விட்டிருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்த அதிகாரி இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார், சிரிப்பை அடக்குவதற்காக நடுநடுவே தண்ணீர் குடித்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கிளப் அணிகளுக்கான போட்டி. பெண்கள் அணியில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. பல வருஷம் மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்து, கடைசியில் இந்த வருஷம்தான் கிடைத்த இடம். கிளப் துப்பாக்கியை இரவல் வாங்கவும் வழியில்லை. அங்கே இருப்பதெல்லாம் வலதுகைக்காரர்களுக்கானவை. இவளுக்குக் கைப்பிடி இடது பக்கம் இருக்க வேண்டும். அணித் தலைவி ஒரு பல் டாக்டர். பேச்சும் பல் பிடுங்குகிற மாதிரிதான், சட்டென்று முடிந்துவிடும்.

"புது போல்ட் போடுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா உங்க வீட்டுக்காரர் சரின்னு சொன்னா போதாது. இன்னொரு பழுதுபார்க்கிறவர் பாத்துக் கையெழுத்துப் போடணும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள. இல்லைன்னா உங்க இடத்துல வேற ஆள் சுடுவாங்க."

ஊரில் இன்னொரு பழுதுபார்க்கிறவர் என்றால் அண்ணன்தான். அதை டாக்டரிடம் சொன்னபோது, "அவர் உங்களுக்கு அண்ணன்ங்கறதைவிட உங்க வீட்டுக்காரருக்குப் போட்டிக் கடைங்கறதுதான் எனக்கு முக்கியம். குறை சொல்லாம விடமாட்டார்" என்று சிரித்தாள்.

கம்பெனியிலிருந்து புது போல்ட் வியாழக்கிழமை மாலையில் வந்து சேர்ந்தது. மாற்று போல்ட்டுகள் எப்போதும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் வரும். போல்ட் உள்ளே ஓடுகிற கூடு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மயிரிழை வித்தியாசப்படும். அதனால் கம்பெனிக்காரன் இரும்பைச் சற்று மிச்சம் வைத்தே அனுப்புவான். பொருத்துகிறவர் பார்த்துப் பார்த்துத் தீட்டிக்கொள்ள வேண்டும். கூடத் தீட்டினால் போச்சு. போல்ட்டின் முன்பக்கம் இரண்டு காதுகள் உண்டு; கைப்பிடியை இறக்கும்போது அவை கூட்டுக்குள் இருக்கிற பள்ளத்தில் போய் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். தோட்டா வெடிக்கிற வேகத்தை முழுக்கத் தாங்குவது அந்தக் காதுகள்தான். அதில் அளவு தளர்ந்தால், வெடிப்பு பின்னால் திரும்பும். பின்னால் இருப்பது சுடுகிறவரின் முகம்.

மற்ற வாடிக்கைக்காரர்கள் முகத்தை நினைத்து நிதானம் பயந்ததில்லை என்று இல்லை. இருந்தாலும் இது வேறு முகம்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் கடையைத் திறக்கும்போது மனைவியும் கூட வந்தாள். கவுண்டரைத் தாண்டி உள்ளே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாடிக்கைக்காரங்க உள்ள வரக் கூடாது" என்றார்.

"வாடிக்கைக்காரின்னா எனக்குப் பில் போடுங்க. பொண்டாட்டின்னா வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க."

அவர் வேலையைப் பார்த்தார். ஆனால் எப்போதும் பார்க்கிற மாதிரி பார்க்கவில்லை. வழக்கமாக அவர் போகிற வரிசை ஒன்று உண்டு. முதலில் உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறும் கூட்டில் போல்ட்டைப் போட்டு மூடிப் பார்ப்பார். அடுத்து நீல மை தடவி மூடித் திறந்து, எங்கே மை அழிந்திருக்கிறது, அதாவது எங்கே உரசுகிறது என்று பார்ப்பார். அப்புறம் கையைத் துடைத்துவிட்டு ஒரு டீ குடிப்பார். அளவுக்கட்டை, தீட்டுக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான். எத்தனையோ போல்ட் போட்டாயிற்று. எல்லாவற்றிலும் இறுக்கம் காதில்தான் இருந்திருக்கிறது. அன்று பக்கத்தில் ஸ்டூல் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அவளுடைய கால் ஆடிக்கொண்டே இருந்தது. வெறும் கூட்டில் என்ன பார்ப்பது, தெரிந்ததுதானே என்று நேராக அளவுக்கட்டையை எடுத்தார்.

அளவுக்கட்டைகள் இரண்டு. தோட்டா வடிவத்தில் இருக்கும் எஃகுத் துண்டுகள். ஒன்றைத் தோட்டா அறைக்குள் வைத்து மூடினால் போல்ட் மூட வேண்டும். அதைவிடத் துளி நீளமான இன்னொன்றை வைத்தால் மூடக் கூடாது. இரண்டும் அப்படியே நடந்தால் துப்பாக்கி சரி. முதல் கட்டையை வைத்து மூடினார். கைப்பிடி முக்கால்வாசி இறங்கி, விரல் நுழைகிற இடைவெளியில் நின்றுவிட்டது.

"காதுதான்" என்றார், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

தீட்டுக்கல்லில் எண்ணெய் விட்டுக் காதின் பின்முகத்தை மெல்ல இழுத்தார். மூடிப் பார்த்தார். அதே இடத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். அதே இடம்.

"ஆச்சா?"

"நிதானம்மா."

"எங்க அண்ணன்கிட்ட கொடுத்திருந்தா இந்நேரம் சுட்டுட்டே வந்திருப்பேன்."

பேயை நினைத்தால் பேய் வந்து நிற்கும் என்பார்கள். வாசலில் பைக் சத்தம் கேட்டது, மச்சான் வந்து கவுண்டரில் முழங்கையை ஊன்றினார்.

"என்ன மாப்ள, தாழ்ப்பாள் விழுந்துச்சா?"

"பாத்துட்டிருக்கேன், மச்சான்."

"பாருங்க, நல்லா பாருங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு, விழலைன்னா என்கிட்ட அனுப்புங்க. ரெண்டு இழுப்பு, ஒரு தட்டு. முடிஞ்சுது. ஏன் தங்கச்சி, நீ என்ன இங்க? காவலா?"

"தையல் மெஷினைக் கொடுத்த மாதிரி என்னையும் எடைக்குப் போட்டுடுவாரோன்னு பயம், அண்ணா."

"உன்னை எடுக்கிற இரும்புக்காரன் இன்னும் பொறக்கல." மச்சான் சிரித்துக்கொண்டே பைக்கை உதைத்துக்கொண்டு போனார்.

நிதானம் மறுபடி கல்லை எடுத்தார். கேலி அவரைக் குத்தவில்லை. அது பழகிப்போன சட்டை. ஆனால் 'ரெண்டு இழுப்பு' என்ற சொல் காதிலேயே நின்றது. அவரும் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தார். மூடவில்லை. அதற்குள் முன்னால் போன் அடித்தது. பல் டாக்டர். நாளை மாலைக்குள் முடியுமா முடியாதா என்று ஒரே சொல்லில் தெரிய வேண்டுமாம். ஒரே சொல்லில் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லாததால் அந்தப் பேச்சு சற்று நீண்டது.

திரும்பி வந்தபோது மேசையருகே அவள் நின்றுகொண்டிருந்தாள். அளவுக்கட்டை தனியாகத் துணி மேல் கிடந்தது. அவள் இடது கை போல்ட்டை உள்ளே தள்ளுவதும் கைப்பிடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தது. ஆயிரக்கணக்கான முறை செய்த கை. அதற்குக் கண் தேவையில்லை. அவள் பார்வை சுவரில் இருந்தது.

"என்ன பண்றே? தொடாதேன்னு சொல்லல?"

"ஏங்க, இதுக்குள்ள இப்ப ஒண்ணும் இல்லியே. காலியாத்தானே இருக்கு?"

"ஆமா."

"அப்பவும் பிடிக்குதே."

நிதானம் துணி மேல் கிடந்த கட்டையைப் பார்த்தார்.

"முன்னால தள்ளும்போது நல்லாத்தான் போகுது. கைப்பிடியைக் கீழ இறக்கறேன் பாருங்க, கடைசில, இங்க, இந்த இடத்துலதான் மொத்துது. பழையது இந்த இடத்துல வழுக்கிட்டுப் போகும். காது இடிச்சா இப்படியா இருக்கும்?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். காதில் இறுக்கம் இருந்தால் கட்டை இருக்கும்போதுதான் பிடிக்க வேண்டும். தோட்டா அறை காலியாக இருக்கும்போது கைப்பிடி இறங்கியிருக்க வேண்டும். வெறும் கூட்டில் ஒரு தரம் மூடிப் பார்த்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே தெரிந்திருக்கும். தினமும் செய்கிற முதல் வேலை. எந்த இரும்பைத் தொடத் தேவையில்லையோ அந்த இரும்பை உட்கார்ந்து தீட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

"என்ன தப்பு?"

"காதுல இருந்து எடுத்துட்டேன். அது பிரச்சினையே இல்ல. அங்க எவ்வளவு மிச்சம் இருந்துச்சோ, நான் எவ்வளவு எடுத்தேனோ. சோத்துல உப்பு குறைஞ்சா போடலாம். இதுல எடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது."

"ரொம்ப எடுத்துட்டீங்களா?"

"தெரியல."

"அப்படின்னா?"

"அளவு தாண்டியிருந்தா இந்தப் போல்ட் குப்பைக்கு. ஞாயித்துக்கிழமை நீ பெஞ்சுல."

மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. அவள் முந்தானையால் கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போல்ட்டைப் பார்த்தாள். "இப்பவே அந்த ரெண்டாவது கட்டையை வெச்சுப் பாத்துட வேண்டியதுதானே? மூடுதா மூடலையான்னு தெரிஞ்சுடும்."

"இப்ப எதை வெச்சாலும் மூடாது. கைப்பிடி இடிச்சு நிக்குதே. முதல்ல அந்த இடத்தைச் சரி பண்ணணும். அதுக்கப்புறம்தான் காது என்ன சொல்லுதுன்னு தெரியும்."

"பண்ணுங்க."

"சாப்பிட்டுட்டு."

"உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தாள். ரொட்டியும் முட்டையும் இருந்தன. இருவரும் அந்த மேசையிலேயே, துப்பாக்கியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, சாப்பிட்டார்கள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த அறையில் அவர்கள் சேர்ந்து சாப்பிட்டதில்லை. முட்டையில் உப்பு அதிகம். அவர் சொல்லவில்லை.

சாப்பிட்ட பின் அவருக்குக் கை திரும்பி வந்தது. வரிசைப்படி முதலிலிருந்து போனார். வெறும் கூடு. போல்ட் முழுக்க மெல்லிய நீல மை. "நீயே மூடு. எப்பவும் மூடுற மாதிரி. அழுத்தாதே" என்றார். அவள் மூடித் திறந்தாள். வெளியே எடுத்து விளக்கின் கீழ் திருப்பினால், கைப்பிடி போல்ட்டோடு சேருகிற அடிப்பகுதியில் கடுகளவு இடத்தில் மை வழித்துத் துடைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. அந்த இடம் கூட்டின் பக்கவாட்டில் இருக்கிற வெட்டில் போய் இடிக்கிறது. வெடிப்பின் பாரம் தாங்குகிற இடமே அல்ல அது. புதுக் கைப்பிடி அங்கே சற்றுத் தடிமன், அவ்வளவுதான். கொசுக் கடிக்குக் கால் எலும்பை அறுக்கப் பார்த்த வைத்தியர் கதையாகிவிட்டது.

"நான் சொன்ன இடம்தானே?" என்றாள்.

"நீ சொன்ன இடம்தான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"நீ சொன்ன இடம்தான்மா, தாயே."

சின்ன அரத்தால் அந்தக் கடுகளவு இடத்தைத் தொட்டார். மை தடவினார். அவள் மூடினாள். பார்த்தார். மறுபடி தொட்டார். இப்போது ஸ்டூல் கிறீச்சிடவில்லை. அவள் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று, அவர் மை தடவியதும் கையை நீட்டினாள், திறந்ததும் திருப்பிக் கொடுத்தாள். ஆள் தலைக்கு மேல் நிற்பது அவருக்குத் தெரியவே இல்லை. பக்கத்துப் பேக்கரியில் சாயங்கால ரொட்டி இறங்குகிற வாசனை வந்தபோது, அவள் கை இறக்கிய கைப்பிடி தங்கு தடையில்லாமல் போய், அடியில் 'டக்' என்று உட்கார்ந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனிமேல்தான் சங்கதி.

முதல் கட்டை. வைத்து மூடினார். இறங்கியது. கடைசியில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து, பிறகு மூடியது. அந்த இறுக்கம் நல்ல சகுனம். இருந்தாலும் அவர் முகம் மாறவில்லை. இரண்டாவது கட்டையைக் கையில் எடுத்தார். அதை உருட்டினார், துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"டம்ளரா அது?" என்றாள் அவள்.

வைத்தார். ஒற்றை விரலால் கைப்பிடியைக் கீழே தள்ளினார். பலம் கொடுக்கக் கூடாது. பலம் கொடுத்தால் எதுவும் மூடும். விரலின் பாரம் மட்டும். கைப்பிடி பாதி வழி வந்து நின்றது. இன்னொரு தரம். நின்றது. காதில் மை தடவிப் பார்த்தார். இரண்டு காதிலும் ஒரே சீராக மை அழிந்திருந்தது. காலையில் அவர் இழுத்த இழுப்பு எதையும் கெடுத்திருக்கவில்லை.

"மூடல" என்றார்.

"மூடலைன்னா நல்லதா கெட்டதா? குழப்பறீங்க."

"நல்லது. ரொம்ப நல்லது." அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்கப் போய், சட்டை நுனியில் நீல மையைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை பிற்பகல் மச்சானுடைய கொட்டகைக்குப் போனார்கள். மச்சான் குறை கண்டுபிடிக்கும் ஆசையோடுதான் போல்ட்டை வாங்கினார். தன்னுடைய அளவுக்கட்டைகளை வைத்துப் பார்த்தார். மை தடவிப் பார்த்தார். கைப்பிடியின் அடியில் அரம் பட்ட இடத்தை நகத்தால் வருடினார்.

"இங்க ஏன் மாப்ள தொட்டீங்க?"

"அங்கதான் இடிச்சுது."

"காதுல இல்லையா?"

"காதுல இல்ல."

மச்சான் போல்ட்டை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். "நானா இருந்தா காதைத்தான் இழுத்திருப்பேன்" என்றார், மெதுவாக.

"அவரும் இழுத்தாரு" என்றாள் தங்கை.

"ஏய், வீட்டு விஷயத்தை வெளியில சொல்லாதே" என்றார் நிதானம். மச்சான் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

புதுப் போல்ட்டின் முதல் குண்டுகளை யாரும் தோளில் வைத்துச் சுடுவதில்லை. துப்பாக்கியை மரச்சட்டத்தில் கட்டி, விசையில் கயிறு கட்டி, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து இழுப்பார்கள். "கயிறெல்லாம் எதுக்கு, அளவு சரியாத்தானே இருக்கு" என்று அவள் கையை நீட்டியபோது, "கயிறுதான்!" என்று நிதானம் குரலை உயர்த்தினார். அண்ணனும் தங்கையும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரலை அவர்கள் கேட்டதில்லை.

மச்சான் கயிற்றை இழுத்தார். நிதானம் பக்கத்து அறையில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். சில வெடிகள். ஒவ்வொன்றுக்கும் தோள் தூக்கிப் போட்டது. பிறகு மச்சான் சுட்டுக் காலியான தோட்டா உறைகளை உள்ளங்கையில் கொண்டுவந்து விளக்கின் கீழ் உருட்டினார். எங்கும் வீக்கமில்லை, கீறலில்லை.

"குறை ஒண்ணு இருக்கு" என்றார் மச்சான்.

"என்ன?" நிதானம் எழுந்துவிட்டார்.

"குறையே இல்ல. டாக்டரம்மாவுக்கு என்னன்னு சொல்றது? காசு வாங்கிட்டுப் போட்ட கையெழுத்துன்னு நினைப்பாங்க." அவர் கையெழுத்துப் போட்டார். தங்கை போனில் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கமிருந்து வந்தது இரண்டே சொல்: "காலையில வாங்க." அவள் போனை வைத்துவிட்டு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அதை யாரும் பார்க்காதபடி திரும்பி நின்றாள்.

"சரி, இனிமே தோள்ல வெச்சுப் பாத்துடு, தங்கச்சி" என்று மச்சான் குறி அட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் மண்மேட்டுக்குப் போனார். "நாளைக்குப் புதுக் கைப்பிடியோட போய்த் தடுமாறாதே."

அறையில் இருவரும் இருந்தார்கள். அவள் துப்பாக்கியை எடுத்தாள். கைப்பிடியை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். புது போல்ட்டில் இன்னும் அந்த இறுக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் கடைசியில் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தது. தோளில் வைத்தால் அவள் இடது கன்னம் வந்து சாய்கிற இடத்தை நிதானம் பார்த்தார். அதற்கும் போல்ட்டின் அந்த இரண்டு காதுகளுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்கூட இல்லை.

"இங்க பாரு" என்றார். "அளவெல்லாம் சரிதான். நான் ஒண்ணும் சொல்லல. மச்சானும் பாத்துட்டாரு. ஆனா கயிறுல சுட்டதுக்கப்புறம் காதுல மை எப்படி உக்காருதுன்னு நான் பாக்கல. மையும் கொண்டுவந்திருக்கேன், பையிலதான் இருக்கு. கொஞ்ச நேரம். ஒரே ஒரு தடவை, நான் இன்னொரு தரம் பாத்துட்டுக் கொடுக்கட்டுமா?"

அவள் போல்ட்டை உருவி, உள்ளே காலியாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். இடது கையில் துப்பாக்கி, வலது கையில் போல்ட். கதவை முழங்கையால் தள்ளித் திறந்துகொண்டு, வெயிலுக்குள் இறங்கி மண்மேட்டை நோக்கிப் போனாள்.